டர்போவைக் கழற்றும் முன்: டீசல் வண்டியில் பூஸ்ட் கோளாறு, அறிகுறி வாரியாக

"அண்ணே, டர்போ போயிடுச்சாம். மாத்தணும்னு சொல்றாங்க."

இழுவை இல்லாத டீசல் வண்டி பெரும்பாலும் இப்படித் தீர்ப்போடுதான் ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வருகிறது. சொன்னவர் ஸ்கேனர் போட்டாரா, ஹோஸைத் தொட்டுப் பார்த்தாரா என்று கேட்டால் பதில் வராது. வண்டியில் பிக்கப் இல்லை, டீசல் வண்டி, ஆகவே டர்போ. அவ்வளவுதான் கணக்கு.

டர்போவுக்குள் இருப்பது ஒரே ஒரு ஷாஃப்ட், அதன் இரு முனையிலும் ஒவ்வொரு சக்கரம். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தை (டர்பைன்) சுழற்றும். மறுமுனைச் சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். அந்த அழுத்தம்தான் பூஸ்ட். கார் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரைகூடப் போகும். அப்படிச் சுற்றினாலும் நல்ல ஆயிலும் சுத்தமான காற்றும் கிடைத்தால் இன்ஜின் இருக்கும்வரை அதுவும் இருக்கும். பூஸ்ட் குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை வெளியே இருக்கின்றன: ஹோஸ், கிளாம்ப், வேக்குவம் டியூப், சென்சார், இஜிஆர் (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு), அடைத்துப்போன சைலன்சர். அதனால் இந்த வழிமுறையில் டர்போவைக் கழற்றும் இடம் கடைசியில்தான் வரும்.

உதாரணத்துக்கு, நம் சாலைகளில் ஏராளமாக ஓடிய 1248 சிசி மல்டிஜெட் இன்ஜினை வைத்துக்கொள்வோம். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா எல்லாவற்றிலும் அடிப்படையில் ஒரே இன்ஜின். 75 குதிரைத்திறன் வண்டிகளில் வேஸ்ட்கேட், அதாவது மிஞ்சிய புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு வைத்த சாதா டர்போ. எர்டிகா, சியாஸ், மான்சா போன்றவற்றின் 90 குதிரைத்திறன் இன்ஜினில் விஜிடி, அதாவது உள்ளே இறக்கைகள் திரும்பி வழியைக் குறுக்கி அகலப்படுத்தும் டர்போ. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டதால், இன்று ஓடும் மாருதி மல்டிஜெட் எல்லாமே வயதான வண்டி. ரப்பர் எல்லாம் வெடிக்கும் வயது. கீழே சொல்வதில் பெரும்பகுதி மற்ற காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும்) வண்டிகளுக்கும் பொருந்தும். கம்ப்யூட்டர் இல்லாத பழைய பம்ப் லாரிகளுக்கு வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ஸ்பேனரைத் தொடும் முன் இரண்டு பொய்க்குற்றங்களை ஒதுக்கிவிடுங்கள். ஒன்று கிளட்ச். நான்காவது கியரில் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பெடலை முழுவதும் மிதியுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் வழுக்குவது கிளட்ச். டர்போவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது டீசல் ஃபில்டர். அடைத்த ஃபில்டரும் டர்போ கோளாறு போலவே நடிக்கும். ரெயில் பிரஷரில் கேட்பது ஒன்று, கிடைப்பது ஒன்று என்று ஸ்கேனரில் தெரிந்தால் முதலில் அந்தப் பக்கம் போங்கள்.

அடுத்து ஸ்கேனர். கோட் படித்து, அழித்து, அனுப்பிவிடுவதற்கு மட்டும் ஸ்கேனர் தேவையில்லை. பி0299 என்றால் பூஸ்ட் குறைவு, பி0234 என்றால் அதிகம். கம்ப்யூட்டர் கவனித்ததை இவை சொல்கின்றன. காரணத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். காரணம் லைவ் டேட்டாவில் இருக்கிறது.

சாவியைப் போடுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) பிரஷர் சென்சார் இப்போது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். சென்னையில் சுமார் 1010 மில்லிபார். ஊட்டியில் 770, 780 பக்கம்தான் இருக்கும், அங்கே அது சரியான எண். பல வண்டிகளில் பாரோமீட்டர் எண்ணும் தனியாகத் தெரியும். இரண்டுக்கும் இருபது முப்பது மில்லிபாருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. சமவெளியில் நின்ற வண்டி 850 காட்டுகிறது என்றால் சென்சார் கெட்டிருக்கிறது, அல்லது அதன் மூக்கில் இஜிஆர் கரியும் ஆயிலும் சேர்ந்து பசை போல அப்பியிருக்கிறது. கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, மறுபடி பாருங்கள். குச்சி விட்டுக் குடைய வேண்டாம்.

ஸ்கேனர் காட்டுவது முழு அழுத்தம் என்பதும் நினைவிருக்கட்டும். டேஷ்போர்டில் வெளியே வாங்கி ஒட்டிய பூஸ்ட் மீட்டர் வெளிக்காற்றைக் கழித்துவிட்டுக் காட்டும். ஸ்கேனரில் 2100 மில்லிபார், மீட்டரில் 1.1 பார் என்றால் இரண்டும் ஒரே செய்திதான். இது தெரியாமல் "ஓவர் பூஸ்ட்" என்று வேஸ்ட்கேட் நட்டைத் தளர்த்தியவர்கள் உண்டு.

இனி ஓட்டிப் பார்த்து எடுக்க வேண்டிய பதிவு. ஆள் நடமாட்டமில்லாத, கொஞ்சம் ஏற்றமான சாலை. பக்கத்தில் ஒருவர் ஸ்கேனரோடு உட்காரட்டும். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது. மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து முழுப் பெடல் மிதித்து 3500 வரை. நான்கு எண்கள் வேண்டும்: ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கேட்கும் பூஸ்ட், கிடைக்கும் பூஸ்ட், ஏர்ஃப்ளோ (உள்ளே போகும் காற்றின் அளவு), டர்போவைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு என்ற மின்வால்வின் சதவீதம். கார் டீசல்களில் முழு லோடில் 2000 முதல் 2400 மில்லிபார் வரை கேட்பது வழக்கம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு சரி என்பதை அந்த ஈசியூ கேட்கும் எண்ணே சொல்லிவிடும்.

கேட்பது அதிகம், கிடைப்பது குறைவு, சொலினாய்டு உச்சத்தில் இருக்கிறது: ஈசியூ தன்னால் ஆனதைச் செய்துவிட்டது, காற்று கசிகிறது, அல்லது வேக்குவம் போய்ச் சேரவில்லை, அல்லது டர்போவே சுற்றவில்லை. இதில் ஏர்ஃப்ளோ நன்றாக இருந்து பூஸ்ட் மட்டும் குறைந்தால் அளந்த காற்று வழியில் கசிகிறது என்று அர்த்தம். ஏர்ஃப்ளோவும் சேர்ந்து குறைந்தால் ஏர் ஃபில்டர், திறந்தே நிற்கும் இஜிஆர், அடைத்த சைலன்சர், சுற்றாத டர்போ.

கிடைப்பது கேட்பதைத் தாண்டித் துள்ளி, சட்டென்று அறுந்துவிழுகிறது: விஜிடி இறக்கை இறுகிக்கிடக்கிறது.

ஈசியூ கேட்பதே குறைவாக இருக்கிறது: இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. கேட்காத பூஸ்டைத் தரவில்லை என்று டர்போவைத் திட்டிப் பயனில்லை. ஏர்ஃப்ளோ சென்சார், ரெயில் பிரஷர், கூலன்ட் சூடு, பெடல் சென்சார் என்று வேறெதையோ பார்த்து ஈசியூ கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோளாறைத் தேடுங்கள்.

இழுவை இல்லை, கரும்புகை, மிதித்தால் "உஸ்" என்று சத்தம்

இது கசிவு. ஏர்ஃப்ளோ சென்சார் காற்றை அளந்துவிட்டது. அதற்கேற்ற டீசலும் போய்விட்டது. வழியில் காற்று மட்டும் ஓடிப்போய்விட்டது. மிச்சமான டீசல் கரும்புகையாக வருகிறது.

டர்போ வாயிலிருந்து இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்), இன்டர்கூலரிலிருந்து மேனிஃபோல்டு வரை இரண்டு பெரிய ஹோஸ்கள். மேலே நின்று பார்த்தால் எல்லா ஹோஸும் நன்றாகத்தான் தெரியும். கிழிவது அடிப்பக்கத்தில்: வளைவின் உள்மடிப்பில், அல்லது ஃபேன் ஷ்ரவுடிலோ பிராக்கெட்டிலோ உரசும் இடத்தில். அதுவும் இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஒட்டிக்கொண்டு, அழுத்தம் ஏறும்போது மட்டும் உதடு போலத் திறக்கும். ஆகவே கண்ணை நம்பாமல் கையை விட்டுத் தடவுங்கள். பூஸ்ட் காற்றில் எப்போதும் கொஞ்சம் ஆயில் ஆவி இருக்கும். கசிகிற இடத்தில் அது வெளியே வந்து தூசியைப் பிடித்து, விரலில் கறுப்பாக ஒட்டும் ஈரப்பட்டையாக நிற்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்த தூசியாக இருக்க, ஓரிடம் மட்டும் ஈரமாக இருந்தால் அங்கேயே நிறுத்தி ஹோஸை மடக்கிப் பாருங்கள்.

கையில் அகப்படவில்லை என்றால் அழுத்தச் சோதனை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிவிசி எண்ட் கேப்பில் துளையிட்டு ஒரு டியூப் வால்வைப் பொருத்தினால் கருவி தயார். அதை டர்போவின் காற்று வாயிலேயே, ஹோஸ் துண்டும் கிளாம்ப்பும் போட்டு மாட்ட வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியில் மாட்டினால், நடுவில் வந்து சேரும் பிரீதர் பைப் (இன்ஜினின் அடிக்கூட்டு ஆவி வெளியேறும் குழாய்) வழியாகக் காற்று கிராங்க்கேஸ் என்ற அந்த அடிக்கூட்டுக்குள் போய் ஆயில் டிப்ஸ்டிக் துள்ளி வெளியே வரும். கம்ப்ரசரில் ரெகுலேட்டர் கட்டாயம். அரை பாரில் தொடங்கி 1 பாரைத் தாண்டாதீர்கள். நேராக 8 பார் கம்ப்ரசர் காற்றைத் திறந்தால் இன்டர்கூலரின் பிளாஸ்டிக் டேங்க் பிளந்துவிடும். சோப்புத்தண்ணீரை ஒவ்வொரு ஜாயின்டிலும் தெளித்துக்கொண்டே போங்கள். இன்டர்கூலரில் அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும் மடித்துச் சேரும் விளிம்பையும் விட்டுவிடாதீர்கள். முன்பக்கம் இடி வாங்கி பம்பர் மட்டும் மாற்றிய வண்டியில் முதல் சந்தேகம் அந்த விளிம்புதான்.

கிழிந்த ஹோஸுக்கு டேப் சுற்றுவதும் சைக்கிள் டியூப் கட்டுவதும் வீடு போய்ச் சேர உதவும், அதற்கு மேல் தாங்காது. புது ஹோஸ் போடும்போது உள்பக்கத்தை ஆயில் இல்லாமல் துடையுங்கள். ஆயில் பூசி வழுக்கிச் செருகிய ஹோஸ் முதல் ஏற்றத்திலேயே கழன்று வந்துவிடும்.

ஹோஸெல்லாம் சரி, ஆனாலும் கரும்புகை என்றால் இஜிஆர் வால்வு. கரி பிடித்துத் திறந்த நிலையில் நின்றால் டர்போவைச் சுற்ற வேண்டிய புகை குறுக்கு வழியில் போய்விடும். உள்ளே போகும் காற்றிலும் புகை கலக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, வால்வு முழுவதும் மூடுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தகடு வைத்து அடைத்துவிடுவது எளிது, பலர் செய்கிறார்கள். புகை விதிக்கு அது முரண், ஈசியூவும் பல வண்டிகளில் கோட் போட்டு இழுவையைக் குறைத்துக்கொள்ளும். நான் சிபாரிசு செய்வதில்லை.

நன்றாகப் போகிறது, ஓவர்டேக் செய்யும்போது செத்துவிடுகிறது. அணைத்துப் போட்டால் சரி

இது லிம்ப் மோடு. விஜிடி வண்டிகளில் அதிகம் வரும் வியாதி. நகரத்துக்குள் மெதுவாகவே ஓடிய வண்டியை ஒருநாள் பைபாஸில் முழுப் பெடல் மிதித்தால் வரும். இறக்கைகள் இருக்கும் வளையத்தில் கரி படிந்து, மூடிய நிலையிலிருந்து திறக்கத் தாமதமாகிறது. பூஸ்ட் எல்லை தாண்டுகிறது. ஈசியூ இன்ஜினைக் காப்பாற்ற இழுவையை வெட்டுகிறது. சாவியைத் திருப்பினால் கணக்கு அழிந்து மறுபடி ஓடும்.

டர்போவைத் தொடாமலே இதைச் சோதிக்கலாம். இறக்கைகளைத் திருப்பும் ஆக்சுவேட்டர் வேக்குவத்தில் இயங்கும் வகை என்றால் ஒருவர் ஸ்டார்ட் செய்ய, மற்றவர் ஆக்சுவேட்டர் கம்பியைப் பார்க்கட்டும். பெரும்பாலான வண்டிகளில் ஸ்டார்ட் ஆனதும் கம்பி சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்ளே இழுபடும், அணைத்ததும் திரும்பி வரும். தயங்காமல் ஒரே ஓட்டமாகப் போய் வர வேண்டும். பாதியில் நின்று, பிறகு குதித்தால் அதுதான் நோய். கைப்பம்ப் இருந்தால் வேக்குவத்தை மெல்ல ஏற்றி இறக்கிப் பார்ப்பது இன்னும் துல்லியம்: கம்பி முள்ளோடு சேர்ந்தே நகர வேண்டும், ஏற்றிய வேக்குவம் ஒரு நிமிடமாவது இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வு (டயாப்ரம்) கிழிந்திருக்கிறது.

லேசாக இறுகியிருந்தால் நெடுஞ்சாலையில் நல்ல லோடில், உயர் ஆர்பிஎம்மில் கொஞ்ச நேரம் ஓட்டினாலே தளரும். முற்றியிருந்தால் கழற்றி, டர்பைன் வீட்டை (சக்கரத்தைச் சுற்றியிருக்கும் கூட்டை) திறந்து, இறக்கை வளையத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அப்போது கம்பியின் ஓட்டத்தை நிறுத்தும் ஸ்டாப் ஸ்க்ரூவை மட்டும் தொடாதீர்கள். அது கம்பெனியில் ஃப்ளோ பெஞ்சில் வைத்து அளந்த அமைப்பு. கண்ணளவில் திருகியபின் அந்த வண்டி ஒருநாளும் சரியாக ஓடாது.

வேஸ்ட்கேட் டர்போவில் ஓவர் பூஸ்ட் வந்தால் காரணம் எளிது. பூஸ்ட் அழுத்தத்தால் திறக்கும் வகையில், அழுத்தத்தைக் கொண்டுபோகும் சின்ன ரப்பர் டியூப் கழன்றிருக்கும் அல்லது டயாப்ரம் கிழிந்திருக்கும். கதவு திறக்கவே திறக்காது. சோதிக்கும்போது இங்கேயும் ரெகுலேட்டர் வைத்த காற்றுதான்.

அடியில் பிக்கப்பே இல்லை, 2500 தாண்டினால் பரவாயில்லை

முதலில் ஒரு நியாயம். 75 குதிரைத்திறன் மல்டிஜெட் 1800, 2000 ஆர்பிஎம் வரை தூங்குவது பிறவிக்குணம். சிக்னலில் இரண்டாவது கியரில் தடவிக்கொண்டு போய்விட்டு "லேக் இருக்கு" என்றால் அது கியர் மாற்றும் பழக்கத்தின் கோளாறு. முன்பு இல்லாதது இப்போது வந்திருந்தால்தான் தேட வேண்டும்.

விஜிடியில் வேக்குவம் இல்லையென்றால் இறக்கைகள் விரிந்த நிலையில் நிற்கும். அடி ஆர்பிஎம்மில் புகைக்கு வேகம் கிடைக்காது, டர்போ எழும்பாது. மேலே போனால் புகையின் அளவே சுற்றிவிடும். ஆகவே இந்த அறிகுறிக்கு வேக்குவம் பாதையைப் பிடித்துக்கொண்டு போங்கள். பம்ப்பிலிருந்து சொலினாய்டு, சொலினாய்டிலிருந்து ஆக்சுவேட்டர். பென்சில் கனம்கூட இல்லாத ரப்பர் டியூப்கள். டர்போவின் ஹீட் ஷீல்டு அருகே போகும் கடைசி அரை அடிதான் முதலில் வெந்து, விரலால் வளைத்தால் பொடிப்பொடியாக வெடிக்கும். முனையில் வெடித்திருந்தால் கொஞ்சம் வெட்டிவிட்டு மறுபடி செருகுவது வழக்கம். வெட்டும் அளவுக்கு வெந்த டியூப் நடுவிலும் வெந்துதான் இருக்கும், முழுவதும் மாற்றுங்கள். ஆயில், சூடு தாங்கும் வேக்குவம் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள், மீன்தொட்டி டியூப் வேண்டாம்.

வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிரேக் பெடல் முன்னைவிட இறுக்கமா இருக்கா?" பிரேக் பூஸ்டரும் டர்போவும் ஒரே வேக்குவம் பம்ப்பில்தான் வாழ்கின்றன. இரண்டும் சேர்ந்து சோர்ந்தால் பம்ப் அல்லது பெரிய வேக்குவம் பைப். பம்ப்பின் வாயில் கேஜ் வைத்தால் ஐடிலிலேயே 650 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் காட்ட வேண்டும். இதைக் கேட்கத் தவறி டர்போவை மாற்றினால் பணமும் போகும், பிரேக்கும் ஆபத்தில் இருக்கும்.

வேக்குவம் சொலினாய்டுக்கு வந்து, அதற்குப் பிறகு போகவில்லை என்றால் சொலினாய்டு. அதன் காற்று வாயில் ஒரு குட்டி ஃபில்டர் இருக்கும் வண்டிகளில், அது தூசியில் அடைத்தாலும் இதே கூத்து.

இழுவையும் இல்லை, புகையும் இல்லை

காற்றும் குறைவு, டீசலும் குறைவு. ஈசியூ வண்டியில் டீசல் ஃபில்டர், லிம்ப் மோடு, அடைத்த சைலன்சர் மூன்றையும் பாருங்கள். பிஎஸ்-6 வண்டியில் டிபிஎஃப் (சைலன்சர் பாதையில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) கரியால் நிரம்பினால் புகைக்குப் போக்கிடம் இல்லாமல் டர்போ மந்தமாகும். முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் ஸ்கேனரில் தெரியும். ஐடிலிலேயே பத்துக்கணக்கான மில்லிபார் காட்டினால் ரீஜெனரேஷன், அதாவது அந்தக் கரியை எரித்துத் தீர்க்கும் வேலை, முடியாமல் நிற்கிறது.

பழைய பம்ப் லாரிகளில் இதற்கு வேறு காரணம் உண்டு, நாமக்கல், சங்ககிரி பக்கத்துக் கைதேர்ந்த பம்ப் மெக்கானிக்குகள் உடனே கையை வைக்கும் இடம் அது. மேனிஃபோல்டிலிருந்து டீசல் பம்ப் தலைக்கு ஒரு மெல்லிய பைப் போகும். பூஸ்ட் வந்துவிட்டது, இனி டீசலைக் கூட்டலாம் என்று பம்ப்புக்குச் சொல்வது அந்தப் பைப்பும் அதன் முனையில் இருக்கும் டயாப்ரமும். பைப் விரிசல் விட்டாலோ, டயாப்ரம் கிழிந்தாலோ, டர்போ எவ்வளவு காற்று கொடுத்தாலும் பம்ப்புக்குச் செய்தி போகாது. வண்டி லோடில் படுத்துவிடும், ஒரு பொட்டுப் புகை வராது. இதைப் பார்க்காமல் டீசல் ஸ்க்ரூவைத் திருகிக் கூட்டிவிட்டால் இழுவை வந்ததுபோல இருக்கும். கூடவே கரும்புகையும் புகைச்சூடும் ஏறி, மேனிஃபோல்டு வெடிக்கும், டர்பைன் தேயும். ஒரு பைப்பில் முடிய வேண்டிய வேலை.

சமவெளியில் சரி, மலையில் மட்டும் திணறுகிறது

பூஸ்டுக்கு 2000 மில்லிபார் வேண்டும் என்றால் சென்னையில் டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் அதே எண்ணுக்கு இரண்டரை மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். அதனால் பல வண்டிகளில் ஈசியூவே மேலே போகப் போகக் கேட்பதைக் குறைத்துக்கொள்ளும். கொஞ்சம் மந்தம் இயல்பு. ஆனால் மேட்டுப்பாளையத்தில் ஒன்றும் தெரியாத ஊசிமுனைக் கசிவு, பாதி அடைத்த ஏர் ஃபில்டர், சோம்பல் பிடித்த வேஸ்ட்கேட் எல்லாம் குன்னூர் தாண்டும்போது வெளிச்சத்துக்கு வரும், ஏனென்றால் அங்கே டர்போவிடம் மிச்சம் இல்லை. மலையில் திணறிய வண்டியைக் கீழே கொண்டுவந்து ஓட்டிப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பாதீர்கள். அழுத்தச் சோதனை செய்யுங்கள்.

நீலப்புகை, ஆயில் குறைகிறது

டர்போவின் மேல் நியாயமாகவே சந்தேகம் விழும் அறிகுறி இது. அப்போதும் ஒரு படி முன்னால் நில்லுங்கள். டர்போவுக்குள் இருக்கும் சீல் ரப்பர் சீல் இல்லை. பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன உலோக வளையம். இரு பக்கத்து அழுத்தமும் சரியாக இருந்தால்தான் அது ஆயிலைத் தடுக்கும். ஷாஃப்ட்டை நனைத்த ஆயில் தன் எடையில்தான் சம்புக்கு (இன்ஜினின் அடி ஆயில் தொட்டிக்கு) வடிகிறது; அதைத் தள்ள எந்தப் பம்ப்பும் இல்லை. ரிட்டர்ன் பைப் நசுங்கினாலோ, கேஸ்கெட்டில் அள்ளிப் பூசிய சிலிக்கான் பேஸ்ட் உள்ளே பிதுங்கி வழியைப் பாதி அடைத்தாலோ, கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினாலோ ஆயில் வடியாமல் தேங்கி, ரிங்கைத் தாண்டி வெளியேறும். டர்போ புதிதாக இருந்தாலும் ஒழுகும்.

ஐடிலில் ஆயில் ஃபில்லர் மூடியைக் கழற்றி, வாயில் ஒரு மெல்லிய ரப்பர் கையுறையைக் கட்டிப் பாருங்கள். மெதுவாக ஆடினால் சரி. பலூன் போல எழுந்து விறைத்து நின்றால் பிரீதர் அடைத்திருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்து எரிந்த வாயு கிராங்க்கேஸுக்குள் கசிகிறது (புளோபை). பிரீதரைச் சுத்தம் செய்தும் விறைத்தால் அந்த இன்ஜினுக்கு டர்போ மாற்றி லாபமில்லை. ஏர் ஃபில்டர் அடைத்தாலும் டர்போ வாயில் உறிஞ்சல் அதிகமாகி ஆயிலை இழுக்கும், அதையும் பாருங்கள்.

இன்டர்கூலர் ஹோஸுக்குள் ஆயில் பூச்சு இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எல்லா டீசலிலும் இருக்கும். ஹோஸைக் கவிழ்த்தால் கிண்ணத்தில் ஊற்றும் அளவுக்கு வருகிறது என்றால் வண்டியை ஓட்டாதீர்கள். அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்து இன்ஜின் தன்னிஷ்டத்துக்கு ஏறத் தொடங்கினால் சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்படி நடந்தால், ஓடும் மேனுவல் வண்டியில் உச்ச கியர் போட்டு, பிரேக்கை இறுக மிதித்து, கிளட்சை விட்டு இன்ஜினை மூச்சடைக்க வையுங்கள். நிற்கும் வண்டியில் காற்று வாயைக் கனமான பலகையால் அடைக்கலாம். கையையோ துணியையோ கொண்டுபோகாதீர்கள், உறிஞ்சிவிடும். இரண்டுக்கும் வழியில்லை என்றால் விலகி ஓடுங்கள்.

சத்தம்

மிதிக்கும்போது மெல்லிய விசில் டர்போவின் இயல்பு. விசில் கூடியது, இழுவை குறைந்தது என்றால் கசிவு. குளிர்ந்த இன்ஜினில் "டிக் டிக்" என்று கேட்டு சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட். பக்கத்தில் கரிக்கோடு இருக்கும். ஆர்பிஎம்மோடு ஏறி இறங்கும் சைரன், அல்லது உலோகம் உரசும் கீச்சு என்றால் சக்கரம் வீட்டில் உரசுகிறது. அந்த நிமிடமே வண்டியை நிறுத்தி டோ செய்யுங்கள். சக்கரம் உடைந்து துண்டு உள்ளே போனால் செலவு இன்ஜினுக்கும் சேர்த்து வரும்.

இப்போது டர்போவைப் பார்க்கலாம்

இன்ஜின் ஆறியபின் காற்று வாய் ஹோஸைக் கழற்றி ஷாஃப்ட் முனையைப் பிடியுங்கள். மேலும் கீழுமாகக் கொஞ்சம் ஆடும். ஆயில் படலத்தில் மிதக்கும் பேரிங் அது, ஆடத்தான் வேண்டும். இதைக் காட்டி "பிளே வந்துருச்சு" என்று மாற்றச் சொல்வார்கள், ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே சுற்றும்போது சக்கரத்தின் இறக்கை வீட்டில் தட்டக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் கைக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியக் கூடாது; தெரிந்தால் முன்பின் அசைவைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது. அந்த டர்போ முடிந்தது.

இறக்கைகளை டார்ச் அடித்துப் பாருங்கள், கொலைகாரன் யார் என்று தெரியும். முனைகள் எல்லாம் மணல் அடித்ததுபோல மழுங்கியிருந்தால் தூசி. திருச்செங்கோடு ரிக் (போர்வெல் போடும்) வண்டிகளில் இது சகஜம், ஃபில்டர் பெட்டியின் சீலும் அதற்குப் பிந்தைய ஹோஸும்தான் குற்றவாளி. ஒரே இறக்கையில் பள்ளம் என்றால் நட்டோ கிளாம்ப் துண்டோ போயிருக்கிறது. ஷாஃப்ட் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் கிடைக்கவில்லை. பேரிங் பகுதியில் கறுத்து இறுகிய கரி என்றால் மலையேறி வந்து அப்படியே அணைத்துப் போடும் பழக்கம். லோடில் ஓடிய டர்போவை ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் அணைக்க வேண்டும்.

கொலைகாரனைப் பிடிக்காமல் புது டர்போ மாட்டினால் அதையும் கொல்வான். ஆயில் ஃபீட் பைப்பைக் கழுவி மாட்டாதீர்கள், புதிதாகப் போடுங்கள். உள்ளே சுட்ட கரி கழுவினால் போகாது, பாதி கழன்று புது பேரிங்கில்தான் போய் நிற்கும். அந்தப் பைப்பைப் பிடிக்கும் பான்ஜோ போல்ட்டின் (ஆயில் போகத் துளையிட்ட போல்ட்) துளையைக் கம்பி விட்டுப் பாருங்கள். ஆயில், ஃபில்டர் மாற்றம் கட்டாயம். பழைய டர்போவில் சக்கரம் உடைந்திருந்தால் இன்டர்கூலரை மாற்றுவது நல்லது, குறைந்தபட்சம் கழற்றி இரு பக்கமும் அலச வேண்டும். டர்போவின் கோர் (ஷாஃப்ட், பேரிங், சக்கரங்கள் சேர்ந்த நடுப்பகுதி) மட்டும் மாற்றுவது செலவு குறைவு. வேக பேலன்ஸ் செய்து சான்றோடு வரும் கோராக இருந்தால் தாராளமாகப் போடலாம். விஜிடி என்றால் ஃப்ளோ செட்டிங்கும் செய்து கொடுக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது ஆயில் வாயில் சுத்தமான இன்ஜின் ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். ஃபீட், ரிட்டர்ன் கேஸ்கெட்டில் சிலிக்கான் பேஸ்ட் ஒரு சொட்டும் கூடாது. இன்ஜெக்டர் அல்லது ரெயில் பிரஷர் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். பிறகு கனெக்டரை மாட்டி ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஐடிலில் மட்டும். ரேஸ் கொடுத்துச் சத்தம் கேட்கும் ஆசையை அடக்குங்கள். கசிவு இல்லை என்றால் கோட்களை அழித்து, முன்பு எடுத்த அதே சாலையில், அதே மூன்றாவது கியரில், அதே நான்கு எண்களை மறுபடி எடுங்கள். கேட்பதும் கிடைப்பதும் ஒட்டிப் போனால் வண்டியைக் கொடுக்கலாம். 500 கிலோமீட்டர் ஓடியபின் கொண்டுவரச் சொல்லி, ஹோஸ் கிளாம்ப்புகளையும் மேனிஃபோல்டு நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.